சொத்தை என்று சொன்ன மட்டை

போன வாரம் வாசற்கதவுக்கு வர்ணம் அடிக்க ஒருவர் வந்திருந்தார். ஆளிவிதை எண்ணெயில் மண்ணெண்ணெயைக் கலக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். சும்மா நடப்பதுபோல் அவர் பின்னால் இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை டப்பாவுக்குள்ளேயே மூக்கை நீட்டிவிட்டேன். சுத்தமான எண்ணெய். "வேணும்னா குடிச்சும் பாருங்க" என்றார் அவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வெட்கப்பட்டு உள்ளே வந்துவிட்டேன். மூக்கு மட்டும் வரவில்லை. அது அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மலையேறி, ஊட்டிக்கு மேற்கே புல்மேட்டில் போய் நின்றது. எனக்கு அங்கே பதினைந்து வயது.

அந்தக் காலத்துக் கோல்ஃப் மட்டைகளுக்குக் காம்பு மரம். பனியில் ஊறிவிடாமலிருக்க இந்த எண்ணெயைத்தான் தேய்ப்போம். கடைவீதியில் எங்கள் அத்தாவுக்கு ஏலச்சாமான் கடை. சீமைக்குக் கப்பலேறும் தொரைமார் விட்டுப்போகும் கட்டில், நிலைக்கண்ணாடி, ஒற்றைக்கண் பொம்மை எல்லாம் எங்கள் கடைக்கு வந்து சேரும். என்னைக் கடையில் உட்கார வைத்தால் நான் புல்மேட்டுக்கு ஓடிவிடுவேன். தொரைகளின் மட்டைப்பையைத் தூக்கப் போனவன், ஆட்டத்துக்குள்ளேயே விழுந்துவிட்டேன். கடையில் கிடந்த ஓர் ஒற்றை மட்டையை வைத்துக்கொண்டு, காவல்காரர் கண்ணில் படாமல், சீகை மரத் தோப்புக்குப் பின்னால் அடித்து அடித்துப் பழகினேன். பந்து நான் சொன்ன இடத்துக்குப் போகத் தொடங்கியிருந்தது. நண்பரே, அந்த வயதில் உலகத்தில் வேறு எது நாம் சொன்னதைக் கேட்டது!

சீசன் முடியும் சமயம் பை தூக்குகிறவர்களுக்கென்று ஒரு நாள் ஆட்டம் உண்டு. அதில் ஜெயித்தவன் அடுத்த சீசன் வரை திங்கட்கிழமைக் காலைகளில் மைதானத்திலேயே ஆடலாம். ஒளியாமல், ஓடாமல், நடுப்புல்லில் நின்று. எனக்கு அந்தத் திங்கட்கிழமைகள் வேண்டும். ஜோகிக்கும் வேண்டும்.

ஜோகி இத்தலார்க்காரன், படுகர் வீட்டுப் பையன், என்னைவிட ஒரு வயது பெரியவன். குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டின் நெட்டைத் தொரைக்கு ஒருநாள் அவன் பை தூக்கினால் மறுநாள் நான். அந்த வருஷம் தொரைக்குச் சீமையிலிருந்து எஃகுக் காம்பு மட்டைகள் வந்தன. பழைய பையை எங்கள் முன்னால் கொட்டினார். "பத்து இருக்கு. அஞ்சு, அஞ்சு." காசைச் சுண்டிப் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "நீ மொதல் எடு. மிச்சம் அவன்." போய்விட்டார். சும்மா கொடுக்கிறாரே, ஏன் என்று அங்கேயே எனக்கு அரிப்பு ஆரம்பமாகிவிட்டது.

புல்லில் பத்தையும் பரப்பினோம். ஜோகி ஒவ்வொன்றாக எடுத்துக் கல்லில் மெல்லத் தட்டி, காம்பைக் காதோடு வைத்துக் கேட்டான்.

"கவுடரே, மாட்டுக்குப் பல் பாக்குறியா?" என்று சீண்டினேன்.

"மாடாவது வாயத் தெறக்கும், சாயபு. இதுங்க தெறக்காதே."

எனக்கு வந்த மட்டை மோகமெல்லாம் ஒரு மாஷியின் மேல்தான். நடுத்தூரத்துக்கு அடிக்கும் மட்டை அது; இரும்பு முகம் கண்ணாடிபோல் மின்னியது. கழுத்தில் கறுப்பு நூல் அழகாகச் சுற்றியிருந்தது. ஜோகி அதைத் தட்டினான். முகத்தைச் சுளித்தான்.

"இது வேண்டாம்டா. சொத்தை. சத்தம் செத்துக் கெடக்கு. அந்த நிப்ளிக்கை எடுத்துக்க, மூஞ்சிதான் கேவலம், மரம் நல்ல மரம்."

அவன் காட்டியது புதருக்குள் விழுந்த பந்தைத் தூக்கி எறிகிற குட்டை மட்டை. துரு தின்ற முகம், பிசுக்கேறிய பிடி.

நான் யார்? ஏலக்கடைக்காரர் மகன். எங்கள் கடையில் நாற்காலி வாங்க வருபவன் எடுத்தவுடன் நாற்காலியைத்தான் திட்டுவான். கால் ஆடுது, பிரம்பு போச்சு, பூச்சி அரிச்சிருக்கு. எவ்வளவு திட்டுகிறானோ அவ்வளவு ஆசை. அவன் புகழ்கிற பெட்டியை அவன் தொடக்கூட மாட்டான். பேச்சு வந்த நாள் முதல் இதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஜோகியின் மனசு நன்றாகவே 'புரிந்துவிட்டது'. நான் விட்டுவைப்பதெல்லாம் அவனுக்குத்தானே போகும்! மாஷியை எடுத்தேன். நிப்ளிக்கைக் காலால் அவன் பக்கம் தள்ளினேன்.

ஜோகி என்னை ஒருமுறை பார்த்தான். "சரி" என்றான். அந்தச் 'சரி'யையும் நான் நம்பவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னதாகவே பட்டது.

இரண்டு வாரம் மாஷிக்கு எண்ணெய் தேய்த்தேன். "பெத்த புள்ளைக்குக்கூட இப்படித் தேய்க்க மாட்டாங்கடா" என்றார் அம்மா. யாராவது மாற்றிவிடுவார்களோ என்று அதைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்தேன்.

ஆட்டத்தன்று கடைசிக் குழிக்கு வரும்போது நானும் அவனும் சமம். என் பந்து நடுப்புல்லில் கிடந்தது. மாஷிக்கென்றே அளந்துவைத்த தூரம். வீசினேன். விறகு முறிகிற சத்தம். இரும்பு முகம் கழன்று ஒரு பக்கம் பறந்தது. பந்து உருண்டு, மஞ்சள் பூ பூத்த முட்புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜோகி ஓடிவந்தான். கையில் அந்தத் துருப்பிடித்த நிப்ளிக். "இந்தா, இதுல தூக்கு. வெளிய வந்துரும்."

ஆட்டத்தில் எனக்கு எதிராளி அவன். எதிராளி எதற்கு மட்டை தருவான்?

"இதுல என்ன பண்ணி வெச்சிருக்கே? மாஷியையும் நீதானே ஏதோ பண்ணினே?"

எல்லோர் காதிலும் விழுந்தது. அவன் கை நீண்டபடியே நின்றது. நான் என்னிடமிருந்த வேறொரு மட்டையால் அடித்தேன். பந்து இன்னும் உள்ளே போனது. என்னைவிட இரண்டு அடி குறைவாக அடித்து அவன் முடிக்க, திங்கட்கிழமைகள் அவனுக்குப் போயின.

முறிந்த காம்பை மடியில் வைத்துக்கொண்டு கறுப்பு நூலைப் பிரித்தேன். உள்ளே பழைய விரிசல், தார் வைத்து அடைத்தது. தார் வெளுத்துக் கல்லாகியிருந்தது. அது எங்கள் காலத்துக்கு முந்திய காயம். ஜோகி அன்று கல்லில் தட்டிக் கேட்டது அதைத்தான்.

அவன் ஜெயித்த திங்கட்கிழமைகளில் ஒன்றிலும் அவன் ஆடவில்லை. மழைக்கு முன் உருளைக்கிழங்கு நட ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிறகு சண்டை வந்தது, பட்டாளத்துக்குப் போனான். அப்புறம் தகவலில்லை. நெட்டைத் தொரை போய்விட்டார். அவர் கட்டிலும் எங்கள் கடைக்குத்தான் வந்தது. கடையும் போய்விட்டது. புல்மேட்டில் நாங்கள் ஒளிந்து ஆடிய பக்கத்தைச் சீகை மூடிவிட்டது. மரக்காம்பு மட்டையை இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

ஆட்டம் முடிந்த அன்று மாலை, இத்தலார்ப் பாதை பிரியும் இடத்தில் ஜோகி நின்று என் பக்கம் நிப்ளிக்கை நீட்டினான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் என் கை, பழக்கதோஷம், அதன் கழுத்தைத் தடவ ஆரம்பித்திருந்தது. அவன் அதைப் பார்த்தான்.

"நல்லா தட்டிப் பாத்துட்டே வாங்கிக்க, சாயபு. நான் நிக்கறேன்."