பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

அந்த எஞ்சினின் பச்சை நிறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆயுத பூஜைக்காக எங்கள் டிரைவர் அண்ணன் தம் கையால் அடித்த பெயிண்ட் அது. அறுபதுகளில் தெற்குத் தீவுகளுக்குப் போய்வரும் மருத்துவ மோட்டார் லாஞ்சில் நான் தாதி; நர்ஸ் என்பதால் எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. அண்ணன் அதற்குமுன் செம்பவாங் கப்பல் பட்டறையில் இருந்தவர். வீட்டில் ஓர் ஆணி அடிக்க ஆயிரம் சாக்குச் சொல்வாராம், எஞ்சினை மட்டும் புது மாப்பிள்ளையைப் போலக் கவனிப்பார். அந்த வருடம் ஓர் இடம்கூட விட்டுப்போகக் கூடாது என்று வயர்களையெல்லாம் கழற்றிவைத்துவிட்டு அடித்தார். சிராங்கூன் சாலையில் நான் வாங்கிப்போன மல்லிகைச் சரத்தைப் பார்த்து, "இது பத்தாதுலா மிஸ்ஸி, அடுத்த வருஷம் ரோஜா மாலை வாங்கிட்டு வாங்க" என்றார்.

பூஜை முடிந்து முதல் பயணம். நாங்கள் போன தீவில் ஒரு கர்ப்பிணிக்கு வலி தொடங்கும் முன்பே உதிரம் போய்க்கொண்டிருந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் மிஞ்சும். அவளை லாஞ்சில் படுக்கவைத்தோம், அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தாள். அண்ணன் ஸ்டார்ட்டர் ஸ்விட்சை அமுக்கினார். டிக் என்றது, அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார், மறுபடியும் டிக். தீவில் டெலிபோன் கிடையாது. அவள் புருஷன் உட்பட ஆண்கள் எல்லாரும் படகுகளோடு மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். கடல் வேறு வற்றிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வற்றினால் லாஞ்சு சேற்றில் உட்கார்ந்துவிடும், பிறகு எஞ்சின் ஓடியும் பயனில்லை.

"பேட்டரி போச்சா அண்ணே?" என்றேன். அவர் கேபின் விளக்கைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது. அது எரியும்போதே ஸ்விட்சை அமுக்கினார். வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. "பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கரண்டு ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரல, வழியில எங்கயோ நிக்குது." பேட்டரியின் இரண்டு முனைகளையும் சுரண்டி இறுக்கினார். டிக். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் போகச் சொல்லி "செப்பாட், மிஸ்ஸி, செப்பாட்" என்று கெஞ்சினாள். மகளின் நாடி என் விரலுக்கடியில் ஓட்டமாக ஓடியது. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. மனுஷன் இப்படியா நிதானமாக வேலை செய்வார்!

அண்ணன் வயரில் கட்டிய ஒரு சின்ன பல்பை எடுத்தார். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையை நெகட்டிவிலும் வைத்தார். எரிந்தது. நெகட்டிவில் வைத்த முனையை எடுத்து, பெயிண்ட் படாத ஒரு நட்டில், எஞ்சினின் வெறும் இரும்பில் வைத்தார். செத்துப்போகிற கங்குபோல் மினுங்கியது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பேட்டரியிலிருந்து வரும் எர்த் வயரை எஞ்சினோடு சேர்த்திருந்த போல்ட்டைக் கழற்றினார். வயர் உட்கார வேண்டிய இடத்தில், அவர் ஆசையாக அடித்த பச்சைப் பெயிண்ட் தடிமனாக இருந்து கரண்டை மறித்தது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கரண்டு போய், காலையில் எஞ்சின் கிளம்பிவிட்டிருக்கிறது. வழியெல்லாம் அதிர்ந்ததில் போல்ட் தளர்ந்திருக்கிறது.

"என் கையாலயே பண்ணிட்டேனே மிஸ்ஸி" என்றார். திருப்புளி முனையால் இரும்பு தெரியும்வரை சுரண்டி, வயரை வைத்து இறுக்கினார். ஸ்விட்சை அமுக்கியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. லாஞ்சின் அடி சேற்றை உரசிக்கொண்டே ஆழத்துக்கு வந்தது.

இப்போது செங்காங்கில் பேத்தி காரைக் கிளப்பும்போது அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மட்டும் அந்த ஒரு நொடி மூச்சு நிற்கிறது. "என்ன பாட்டி, சாமி கும்பிடுறீங்களா?" என்று சிரிப்பாள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து துறைக்கு வந்தேன். தீவுக்குத் திரும்பிப்போய் அந்தப் பெண்ணின் புருஷனுக்குச் சேதி சொல்ல வேண்டும். அண்ணன் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கேட்கப் பயந்து என் முகத்தையே பார்த்தார்.

"ரெண்டு பேரும் பொழச்சிட்டாங்க அண்ணே. ஆம்பளப் பிள்ள."

தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்துபோய் ஸ்விட்சருகே விரலைக் கொண்டுபோனவர், எடுத்துக்கொண்டார். காலையில் அவ்வளவு நிதானமாக வேலை செய்த கை அது.

"நீங்க அமுக்குங்க மிஸ்ஸி. எனக்குக் கை வரல."