விடியுமுன் எடுத்த நான்கு படங்கள்

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு எதிரே, குறுகலான படியேறிப் போனால் அவளுடைய ஸ்டுடியோ. ஊரில் எல்லோருக்கும் அவள் ஸ்டுடியோ அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுவரில் வெள்ளைத் துணி, ஏற்றி இறக்குகிற முக்காலி, கயிற்றில் கட்டிய சீப்பு, ஆணியில் தொங்கும் ஒரு கறுப்புக் கோட்டு. கசங்கிய சட்டையோடு வருகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய உரிம அட்டைகளில் இருப்பது அந்த ஒரே கோட்டுதான். தைத்தது அவள் கணவர். கீழ்த்தளத்தில் அவருடைய தையல் கடை.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் போர் நினைவுக் குழு என்று நாலைந்து பேர் அந்தத் தையல் கடைக்கு வந்து, பழைய காலத்துப் படை உடுப்பு அறுபது வேண்டும் என்றார்கள். ஊருக்கு வெளியே ஆற்றங்கரைப் புல்வெளியில் இருநூறு வருடத்துக்கு முன்பு ஒரு சண்டை நடந்திருந்தது. இருட்டோடு படகில் வந்திறங்கிய படையை உள்ளூர்ப் படை மூடுபனிக்குள் மறித்து நின்றது. சூரியன் தலைகாட்டுவதற்குள் இரண்டு பக்கமுமாக முந்நூறு பேர் போய்விட்டார்கள். அதை வருடத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் அதே நேரத்தில் நடித்துக்காட்டுவது என்று குழு முடிவு செய்திருந்தது. கணவர் நீலத்தில் முப்பது, சாம்பல் நிறத்தில் முப்பது தைத்தார். "எவன் ஜெயிச்சா எனக்கென்ன, பட்டன் அறுந்தாத்தான் எனக்குத் தோல்வி" என்பார். உடுப்பு களத்தில் எப்படி இருக்கிறது என்று ரெண்டு படம் எடுத்து வரப் போனவள்தான் அவள். போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

முதல் வருடம் எடுத்ததெல்லாம் கரி. குழுத் தலைவர் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சில் கறார். ஃபிளாஷ் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். குதிரை மிரளும் என்பது ஒரு காரணம். "அன்னைக்கு அவங்களுக்கு இருந்த வெளிச்சம் எதுவோ, அதுதான் நமக்கும்" என்பது இன்னொன்று. இருந்த வெளிச்சம் என்பது பத்துப் பன்னிரண்டு தீப்பந்தம், கிழக்கே லேசான வெளுப்பு, துப்பாக்கி வெடிக்கும்போது கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு மஞ்சள். ஸ்டுடியோவில் எல்லா விளக்கும் அவள் சொன்னபடி கேட்கும். இங்கே எதுவும் கேட்கவில்லை. கேமரா இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் தவித்தது.

அடுத்தடுத்த வருடங்களில் கற்றுக்கொண்டாள். கேமராவின் தானியங்கியை நம்பாமல், தீப்பந்தத்தைக் குறிவைத்துக் கையால் லென்ஸைத் திருகி வைத்துக்கொள்வாள். ஒற்றைக் கால் கழியில் கேமராவை ஊன்றி, பாதி மூச்சை விட்டு, மீதியை அடக்கி அழுத்துவாள். தளபதி கையைக் கீழே போடுவதற்கும் துப்பாக்கிகள் வெடிப்பதற்கும் நடுவே எத்தனை நொடி என்று வாயால் எண்ணிப் பழகினாள். வெடித்த பிறகு அழுத்தினால் புகைதான் கிடைக்கும்.

இன்னொன்றையும் கண்டுகொண்டாள். அவ்வளவு மங்கலில் ஷட்டர் கால் நொடி, அரை நொடி திறந்து கிடக்க வேண்டும். அதற்குள் ஓடுகிறவன் புகையாகிவிடுவான். கத்தியை ஓங்குகிறவனுக்குக் கையே இருக்காது. பட்டன், காதுமடல், கன்னத்து மச்சம் என்று துல்லியமாக விழுவது செத்துக் கிடப்பவர்கள் மட்டும்தான். அதனால் அவள் படங்களில் செத்தவர்களே அதிகம். உள்ளூர்ப் பத்திரிகை வருடாவருடம் ஒன்றை வாங்கிப் போட்டது.

அந்தச் செத்தவர்களில் ஒருவர் மட்டும் அவளுக்குப் பிடிகொடுத்ததே இல்லை. பேருந்து ஓட்டுநர். ஐம்பத்தாறு வயது, பெரிய உடம்பு, ஓயாத வாய். முதல் வரிசையில் இடது ஓரம் அவர் இடம். முதல் வெடியிலேயே விழுந்துவிட வேண்டும். "சீக்கிரம் செத்துட்டா மிச்ச சண்டையைப் படுத்துக்கிட்டே பார்க்கலாம்ல" என்று கேட்டு வாங்கிய வேடம் அது. ஆனால் விழுந்த பிறகு சும்மா கிடக்க மாட்டார். மூக்கைச் சொறிவார், பக்கத்துப் பிணத்திடம் பேச்சுக் கொடுப்பார், யார் ஜெயிக்கிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பார். குழுவில் அவருக்கு அரைச் சாவு என்றே பெயர். ஆறு வருடப் படங்களில் ஒன்றில்கூட அவருக்கு ஒழுங்கான முகம் கிடையாது. ஒன்றில் ரெண்டு மூக்கு.

"இந்த வருஷமாச்சும் ஒழுங்கா சாவுங்கண்ணே" என்று அந்த விடிகாலையில் அவள் சொன்னாள். உடுப்பு மாட்டுகிற கொட்டகையில், ஒரு தீப்பந்தத்தடியில் நின்று அவர் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்காக இன்னைக்கு முழுசா செத்துக் காட்டுறேன், பாரு. உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, கோட்டு லூசா இருக்கு."

"போன மாசம்தானே அளவெடுத்தாரு?"

"அதுக்கப்புறம் கொஞ்சம் இளைச்சுட்டேன்போல. சோறு இறங்க மாட்டேங்குது. வீட்ல சொல்லிடாத, உடனே ஆஸ்பத்திரிங்கும்."

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அன்று நல்ல குளிர். பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. தளபதி கையைப் போட்டார், அவள் எண்ணினாள், அழுத்தினாள். முதல் வரிசை சரிந்தது. ஓட்டுநர் இரண்டு எட்டு தள்ளாடி, மண்டியிட்டு, பக்கவாட்டில் விழுந்தார். வழக்கமாக அவர் விழுவதில் ஒரு கூத்து இருக்கும். அன்றைக்கு இல்லை. முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது. அருகே புல்லில் விழுந்த தீப்பந்தம் ஒன்று அணையாமல் எரிந்து, நெற்றியிலும் கன்னத்திலும் வெளிச்சம் தந்தது. அவள் மண்டியிட்டு ஒரு படம் எடுத்தாள். அவர் அசையவில்லை. இன்னொன்று. அசையவில்லை. இன்னும் இரண்டு. மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுந்து குதிரைகள் பக்கம் போனாள்.

சண்டை அவர் மேலாக நகர்ந்து, படித்துறையை நோக்கிப் போனது. இரண்டாவது வெடிக்கும் மூன்றாவது வெடிக்கும் நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது, எடுத்ததைச் சரிபார்க்கக் கேமராவின் திரையைப் பார்த்தாள். நான்கு படமும் அவ்வளவு துல்லியம். கண்ணிமை மயிரைக்கூட எண்ணலாம். பெரிதாக்கிப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் கிடந்த இரண்டு பேருடைய வாய்க்கு மேலும் குளிரில் விட்ட மூச்சு, வெள்ளைத் தீற்றலாகப் பதிந்திருந்தது. இவர் வாய்க்கு மேல் எதுவும் இல்லை. அடுத்த படத்திலும் இல்லை. நான்கிலும் இல்லை.

அவள் கழியைப் போட்டுவிட்டுக் களத்துக்குள் ஓடினாள். சண்டைக்கு நடுவே நீலச் சேலையில் ஒருத்தி ஓடுவதைக் கண்டு, குழுத் தலைவரான நூலகர் விசில் ஊதி ஊதிக் கையை ஆட்டினார். அவள் ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணே, போதும். எந்திரிங்க." பக்கத்தில் கிடந்த பிணம் எழுந்து உட்கார்ந்து, "என்னக்கா?" என்றது. "நிறுத்தச் சொல்லு" என்று அவள் கத்தினாள். "எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு."

கொட்டகைக்குப் பின்னால் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து இரண்டு பேர் வந்து நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். சண்டை நின்றதும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்து நின்ற கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டியது. அந்தக் கைதட்டல் வெகுநேரம் ஓயவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள். புல்வெளியிலேயே போயிருக்கும் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

அதன் பிறகு அவள் அந்தக் கேமராவைத் தொடவில்லை. கடையில் பழைய கேமரா ஒன்று இருந்தது, அதை வைத்து அட்டைப் படங்களை எடுத்தாள். பத்திரிகையிலிருந்து கேட்டபோது இந்த வருடம் எதுவும் சரியாக வரவில்லை என்றாள். கணவர் மட்டும் ஒருநாள், வெட்டிய துணியை மடித்தபடியே சொன்னார். "போன வருஷ அளவுக்கும் இந்த வருஷ அளவுக்கும் இடுப்புல ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருந்துச்சு. டயட்டான்னு கேட்டேன். ஆமான்னாரு. நானும் எழுதிக்கிட்டேன்."

மூன்றாவது வாரம் ஓட்டுநரின் மனைவி ஸ்டுடியோப் படியேறி வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர், நிதானமான குரல். முக்காலியில் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"கடைசியா நீதான் அவரை எடுத்தேன்னு சொன்னாங்கம்மா. அதைப் பார்க்கணும்."

"வேண்டாம்கா."

"வேணும்னுதானே ஏறி வந்திருக்கேன்."

அவள் கேமராவிலிருந்த மெமரி கார்டை எடுத்துக் கணினியில் போட்டாள். முதலில் சண்டைக்கு முந்தைய படம் ஒன்று. கொட்டகையில் பட்டன் போடுகிறார், பேசுகிறார், முகம் கலைந்துபோயிருக்கிறது. மனைவி தலையாட்டினார். பிறகு அந்த நான்கு.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் போல ஒப்பித்தாள்.

"கீழ நேரம் இருக்கு பாருங்க. அஞ்சு அம்பத்திரெண்டு. நான் திரும்ப ஓடி வந்தது அஞ்சு அம்பத்தொன்பது. ஏழு நிமிஷம். நான் எடுக்கும்போதே அவருக்கு முடியாமப் போயிருக்கு. எனக்குத் தெரியல. நல்லா கிடக்குறாருன்னு சந்தோஷப்பட்டு எடுத்தேன்கா. இளைச்சுட்டேன், வீட்ல சொல்லாதன்னும் என்கிட்ட சொன்னாரு. அதையும் நான் சொல்லல."

கீழே தையல் இயந்திரம் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"டாக்டரைக் கேட்டேன்" என்றார் மனைவி. "உடனே பார்த்திருந்தா பிழைச்சிருப்பாரான்னு. உறுதியா சொல்ல முடியாதுன்னாரு. பிழைச்சிருப்பாருன்னும் சொல்லல, மாட்டாருன்னும் சொல்லல."

"ம்."

"உன்னை மன்னிக்கிறேன்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வரல. திட்டவும் வரல. சாப்பாடு குறைஞ்சது தினமும் பரிமாறுற எனக்கே உறைக்கல." திரைப் பக்கம் குனிந்தார். "நீ எவ்வளவு தூரத்துல இருந்த?"

"பதினஞ்சடி."

"முகம் உன் பக்கமா இருந்திருக்கு."

"ஆமாக்கா."

மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது படத்தைக் காட்டி, இது வேண்டும் என்றார். அவள் மறுத்தாள். கொட்டகைப் படத்தை எவ்வளவு முடியுமோ சரிசெய்து தருகிறேன், அதில் உயிரோடு இருக்கிறார் என்றாள்.

"உயிரோட இருந்தவரை முப்பத்தோரு வருஷம் பார்த்தாச்சு" என்றார் மனைவி. "எந்நேரமும் ஆட்டம், எந்நேரமும் பேச்சு. தூக்கத்துல கூட ஸ்டாப்பிங் பேரு சொல்லுவாரு. கல்யாணப் போட்டோலயும் தலை கலைஞ்சுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில குழாயைச் சொருகி வாயைக் கோணலாக்கிட்டாங்க. இவர் முகம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் முழுசா பார்க்கிறேன். கொடும்மா."

அவள் அச்சடித்துக் கொடுத்தாள். மனைவி அதை உறையில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படியிறங்கிப் போனார். பிறகு அவர்கள் தெருவில் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். அதற்கு மேல் நெருக்கமும் இல்லை, பகையும் இல்லை.

அடுத்த வருடம் சண்டையை நடத்துவதா வேண்டாமா என்று நூலக அறையில் குழு கூடியது. ஒரு மாதிரி எல்லோரும் நடத்தலாம் என்ற பக்கம் சாய்ந்தபோது, அவள் எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியதே கிடையாது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ரெண்டு பேர் உள்ளே போக வேண்டும், விழுந்து கிடக்கிற ஒவ்வொருத்தர் தோளையும் தொட வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றாள்.

நூலகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அன்னைக்கு அந்த மாதிரி யாரும் போகலைம்மா. விழுந்தவங்க மத்தியானம் வரைக்கும் கிடந்தாங்க. ஆவணம் இருக்கு."

"தெரியும் சார். யாரும் போகாததாலயே எத்தனை பேர் செத்தாங்கன்னு அந்த ஆவணத்துல இருக்கா?"

நூலகர் கூட்டக் குறிப்பேட்டை இழுத்து, தன் கையாலேயே அந்த விதியை எழுதினார். யார் உள்ளே போவது என்று கேள்வி வந்தது. ஒரு பக்கத்துக்குத் தானே போவதாக அவள் சொன்னாள், மறுபக்கத்துக்கு இன்னொருவர் ஒப்புக்கொண்டார். கணவர் அவளுக்கு அந்தக் காலத்துச் சமையல்காரப் பெண் உடுப்பு ஒன்று தைத்தார். முரட்டுத் துணி, பெரிய பை வைத்தது.

அந்த வருடம் அவளிடம் கேமரா இல்லை. முதல் வெடி வெடித்து, வரிசை சரிந்ததும், பனிக்குள் இறங்கி நடந்தாள். குனிந்து முதல் தோளைத் தொட்டாள். கோட்டுக்கு அடியில் வெதுவெதுவென்று இருந்தது. "இருக்கேன்கா" என்று புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல். அடுத்த தோள். "இருக்கேன்." அடுத்தது. "இருக்கேன்கா, முட்டிதான் வலிக்குது." பதினோரு வருடமாக லென்ஸ் வழியாகப் பார்த்த ஆட்களை அவள் அன்றுதான் தொட்டாள்.

பதினான்காவது ஆள் பதில் சொல்லவில்லை. நெட்டையான ஆள், குப்புறக் கிடந்தான். மறுபடி தொட்டாள். பதில் இல்லை. அவள் இரண்டு கையாலும் அவனைப் புரட்டினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான்.

"மன்னிச்சுக்கங்கக்கா. ராத்திரி ஷிஃப்ட். படுத்ததும் தூங்கிட்டேன்."

அவள் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் பயந்துபோய் எழப் பார்த்தான். "நீ படு" என்றாள். "படுத்துத் தூங்கு. ஒண்ணுமில்ல." கை மட்டும் அவன் தோளிலேயே இருந்தது. சண்டை அவர்களைச் சுற்றிக்கொண்டு படித்துறைப் பக்கம் போனது. இருநூறு வருடத்துக்கு முன் அங்கே இல்லாத ஒருத்தி களத்தின் நடுவில் உட்கார்ந்து அழுவதை நூலகர் பார்த்தார். விசிலை வாய்வரை கொண்டுபோனார். ஊதவில்லை.