பொன்னாடைக்காக வெளியே போனவர்

செவ்வாய்க்கிழமை காலை தேக்கா சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தினேஷின் அழைப்பு வந்தது. நகர மன்ற அலுவலகத்தில் எங்கள் குழுவின் வேலைகளைக் கவனிப்பவர் அவர். "அங்கிள், ஞானேஸ்வரி மேடம் காலையில தவறிட்டாங்க," என்றார். நான் கூடையைக் கீழே வைத்தேன். அவர் தொடர்ந்து, "அடுத்த மாசம் மீட்டிங் இருக்கு. சேர்மன்னு உங்க பேரப் போட்டுடட்டுமா? சும்மா ஃபார்மாலிட்டிதான் லா," என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், அவருக்கு ஒரு படிவம் நிரம்ப வேண்டும். ஆனால் அம்மையாரின் உடல் அப்போது மருத்துவமனையிலிருந்தே வந்திருக்கவில்லை. அழைப்பைத் துண்டித்தேன்.

திருமதி ஞானேஸ்வரி அம்மையாரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சிராங்கூனில் குடியிருந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தும் பெற்றோரின் யாழ்ப்பாணப் பேச்சை விடாதவர். தீவின் இன்னொரு மூலையில் இருக்கும் ஒரு நகர மன்றம், தன் உறுப்பினர்கள் நெறி தவறினால் விசாரிப்பதற்கு வெளியாட்கள் மூவர் கொண்ட நடத்தைக் குழு ஒன்றை அமைத்தபோது அவரைத் தலைவராக அழைத்தது. மின்தூக்கி, நடைபாதை, அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே உள்ள பொது இடம் இவற்றையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மன்றம்தான் அது. மன்றத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. குழுவின் மற்ற இருவர், ஓய்வுபெற்ற சீன வங்கி அதிகாரி ஒருவரும் கேலாங்கில் குடியிருக்கும் நானும்.

முதல் கூட்டத்திலேயே அம்மையார் தினேஷிடம், "எங்கட அறிக்கை ஆருக்குப் போகும்?" என்று கேட்டார். மன்றத் தலைவருக்குப் போகும் என்றார் தினேஷ். "அதுக்குப் பிறகு?" அவரே பார்த்து முடிவு செய்வார் என்று பதில் வந்தது. "அப்ப அவையின்ர ஆளைப் பற்றி நாங்கள் எழுதுறதை அவையே வாசிச்சு அவையே பூட்டி வைக்கலாம். பிறகு எங்களை ஏன் கூப்பிட்டவை?" தினேஷ் என்னைப் பார்த்தார். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன். அம்மையார் மட்டும் அந்த பிஸ்கட்டையோ கோப்பியையோ ஒருநாளும் தொட்டதில்லை. வீட்டிலிருந்து குடுவையில் வெந்நீர் கொண்டு வருவார்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு உறுப்பினர் ஒருவர் எங்கள் மூவருக்கும் பலகாரக் கூடை அனுப்பினார். அம்மையார் தன் பங்கை எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்து, ரசீதும் வாங்கிவந்தார். என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்களும் குடுத்திட்டீங்களோ?" என்றார். என் வாயில் முறுக்கு இருந்தது. "நாளைக்குக் கொடுத்துடறேம்மா" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். கொடுக்கவும் செய்தேன், முறுக்கு டின் நீங்கலாக. அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "டின்னையும் எழுதிக் குடுங்கோ," என்றார்.

ஒவ்வொரு வழக்கையும் எடுக்கும் முன் மேசையைச் சுற்றி ஒரு கேள்வி கேட்பார்: "இவையோட ஆருக்கும் ஏதும் தொடர்பு இருக்கோ?" முதலில் தானே பதில் சொல்வார். ஒருமுறை, குற்றம் சாட்டப்பட்டவரின் தங்கை தன் புளோக்கில் அதே மாடியில் குடியிருக்கிறார் என்று சொல்லி எழுந்து வெளியே போய்விட்டார். அந்தத் தங்கையோடு அவர் பேசியதுகூட இல்லை. அவருடைய இந்தப் பழக்கம் மன்றத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. அதுதான் வினையாக முடிந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாலதி என்ற பெண் ஒரு புகார் கொடுத்தார். பூமாலை கட்டி விற்பவர். அந்தக் குடியிருப்புப் பேட்டையில் பண்டிகைக் காலக் கடை போடக் கூரையுள்ள இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்கு அவரும் விண்ணப்பித்திருந்தார், மன்ற உறுப்பினர் ஒருவரின் மைத்துனரும் விண்ணப்பித்திருந்தார். இடம் மைத்துனருக்குப் போனது. அதை முடிவு செய்த கூட்டத்தில் அந்த உறுப்பினர் உட்கார்ந்திருந்தார், உறவைப் பற்றி வாய் திறக்கவில்லை. புகார் அவ்வளவுதான். விதிப்படி புகாரின் பிரதி முதலில் அவருக்குப் போகும், கோப்பு எங்களிடம் வர இன்னும் சில வாரம் ஆகும்.

அந்தச் சில வாரத்துக்குள் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் தமிழ் விழா ஒன்று நடந்தது. நீதிமன்றத்தில் ஆற்றிய பணிக்காக அம்மையாரைக் கௌரவிக்கிறோம் என்று மேடைக்கு அழைத்தார்கள். பொன்னாடையோடு வந்து நின்றவர் அந்த உறுப்பினர். நான் நான்காவது வரிசையில் இருந்தேன். போர்த்த நீண்ட கையைத் தட்டிவிட அம்மையாருக்கு மனம் வரவில்லை. புகாரைப் பற்றி அப்போது அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் முந்நூறு பேர் கைதட்டும்போது நம்மில் யாருக்கு அது முடியும்? அந்த மனிதர் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியாது. அப்படித்தான் செய்தார் என்று நான் நம்புகிறேன்.

கோப்பு வந்த அன்று மாலதி வெளியே நடைபாதை நாற்காலியில் காத்திருந்தார். அம்மையார் கோப்பில் உறுப்பினரின் பெயரைப் படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினவர். நான் இருக்கேலாது," என்றார்.

"அம்மா, ஒரு துண்டுத் துணிக்கா எழுந்து போறீங்க?" என்றேன்.

"துணி எண்டு உங்களுக்குத் தெரியும். வெளியில இருக்கிற அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ? சரி, வேற ஆருக்கும் ஏதும் சொல்ல இருக்கோ?"

வங்கி அதிகாரி இல்லை என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அம்மையார் வெளியே போனார். இருவர் இருந்தால் முடிவெடுக்கலாம் என்பது விதி. உறுப்பினரை உள்ளே அழைத்தோம். "மறந்துட்டேன் சார்," என்றார் அவர். நாங்கள் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. மாலதியை அழைக்கவே இல்லை. ஆலோசனை வழங்கப்பட்டது, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அம்மையாரின் குடுவையில் வெந்நீர் பாதிகூடக் குறைந்திருக்கவில்லை.

முடிவைப் படித்த அவர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அன்றிலிருந்து மன்றத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். குழுத் தலைவர் விலக நேர்ந்தால் வெளியிலிருந்து மாற்று ஆளை அழைக்க வேண்டும், முடிவுகளை மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், மாலதியின் புகாரை மறுபடி விசாரிக்க வேண்டும் என்று அந்த மூன்றையே திரும்பத் திரும்பக் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். அடுத்த பதிலும் அதே வாசகத்தோடு, தேதி மட்டும் மாறி வரும். படிக்கப் படிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ பொறுமையாக அடுத்த கடிதத்தை எழுதுவார். பதவியை விட்டெறிந்து பத்திரிகைக்குப் போயிருக்கக் கூடாதா என்று அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒருமுறை கேட்டேவிட்டேன். "நான் போனா அந்தக் கதிரையில ஆரை இருத்துவினம் எண்டு யோசிச்சுப் பாத்தீங்களோ?" என்றார்.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். ஒன்றைச் சொல்லத்தான் போனேன். பேச்சு சரியாக வராத நிலையிலும் அவர் கேட்டது, "அது அஜெண்டாவில வந்திட்டுதோ?" என்பதுதான். "வந்துடும்மா," என்றேன். சொல்லப் போனதைச் சொல்லாமலே திரும்பினேன்.

புதன்கிழமை அவருடைய புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். மன்றத்திலிருந்து மலர்வளையம் வந்திருந்தது, பெரியதாக. மாலதியும் தன் கையால் கட்டிய மாலையோடு வந்திருந்தார். இப்போது லிட்டில் இந்தியாவில் இன்னொருவர் கடையில் மாலை கட்டுகிறாராம். என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மேடம் வெளிய வந்து என் பக்கத்துலதான் உக்காந்தாங்க. ஒரு வார்த்த பேசல. ஜட்ஜே எழுந்து வந்துட்டாங்கன்னா என் கேஸ் வீக்குன்னுதானே அர்த்தம்? இல்ல, அவங்களும் அந்தாளு பக்கமான்னு தோணுச்சு. மேடையில அவரு ஷால் போத்துன ஃபோட்டோவ ஃபேஸ்புக்குல பாத்தேன். மூணு வருஷமா எனக்கு அவங்க மேலதான் கோவம்."

மாலதியை ஒருவரும் அழைத்து எதுவும் சொல்லவில்லை. ரகசியக் காப்பு விதி என்று ஒன்று இருந்தது. அந்த விதியை மீறி, அந்த இடத்திலேயே சொன்னேன். பொன்னாடையைச் சொன்னேன், கடிதங்களைச் சொன்னேன். பிறகு மருத்துவமனையில் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். குழுவில் சேர்வதற்கு முந்தின ஆண்டு, என் மகன் வேலைக்கு விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் அதே உறுப்பினர். மகனுக்கு அந்த வேலை கிடைத்தது. அம்மையார் மேசையைச் சுற்றிக் கேட்டபோது அது என் தொண்டைவரை வந்தது. பழைய கதை, கேட்டு வாங்கிய கடிதம், இதெல்லாம் ஒரு தொடர்பா என்று விழுங்கிவிட்டேன். உறவைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவரை விசாரிக்க நானும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன்.

மாலதி கத்தவில்லை. "அப்போ அவங்க இருந்திருக்கணும். நீங்க போயிருக்கணும்," என்றார்.

இதை நீங்கள் படிக்கும்போது என்மீதான புகாரை நானே எழுதி மன்றத்துக்குக் கொடுத்திருப்பேன். அதை விசாரிக்க ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். குழுவில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர்மேல் புகார், மிச்சம் இருப்பவரும் அன்று என்னோடு கையெழுத்துப் போட்டவர். வெளியிலிருந்து ஆளை அழையுங்கள் என்று அம்மையார் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டது இதற்குத்தான்.

மண்டாய் தகனச்சாலைக்குப் புறப்படும் நேரம் வந்தது. பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். உறவினர் எல்லாம் பேருந்தை நோக்கி நகர, மாலதி மட்டும் வண்டிக்கு அருகே போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். "ஸாரி மேடம்," என்றார், "எனக்குத் தெரியாம போச்சு." அதைச் சொல்ல வேண்டியவன் நான், அவருக்கு நாலடி பின்னால் நின்றிருந்தேன். வண்டி மெல்ல நகர்ந்தது. போய் வாருங்கள், அம்மா.