கிணற்று மேட்டில் கிடந்த சேலை

காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் செஞ்சி பஸ் ஏறினேன். பதினேழு மைல், ஆறணா. கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில், நேட்டாலில் என்னைப் போலக் கரும்புத் தோட்டத்துக் கூலிகளுக்குப் பிறந்து, செஞ்சி என்ற பேரை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர் முடிந்து வந்த முதல் தை மாதம் அது.

நான் கொண்டுபோனது ஒரே ஒரு செய்தி. அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எந் தம்பிகிட்டப் போயி, அக்கா கெணத்துல வுழுந்து சாவலன்னு சொல்லு.”

அம்மா சேரியில் பிறந்தவள். அவள் அப்பன் பெரிய வீட்டுக்குப் படியாள். அப்பன் படியாள் என்றால் பிள்ளைகளும் அந்த வீட்டுச் சொத்து. பதினாறு வயதில் அடி தாங்காமல், கப்பலுக்கு ஆள் சேர்ப்பவனோடு ஓடினாள். ஓடியது தெரிந்தால் பத்து வயதுத் தம்பியைக் கட்டிவைத்துத் தோலை உரித்திருப்பார்கள். அதனால் தன் மாற்றுச் சேலையை வயல் கிணற்று மேட்டில் போட்டுவிட்டுப் போனாள். செத்தவளை யார் தேடப் போகிறார்கள்? தம்பி தப்பினான். கடிதம் போடலாம் என்றால், அதைப் பிரித்துப் படிப்பதே பெரிய வீடுதான். ஐம்பது வருடம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள் அம்மா.

எட்டரைக்குச் செஞ்சி. கோட்டை மலைகளை நின்று பார்க்கப் பொறுமை இல்லை. சிங்கவரம் போகும் பாதையில் மூன்று மைல் போக மாட்டுவண்டி பேசினேன், எட்டணா. என் குடையையும் செருப்பையும் பார்த்து வண்டிக்காரர் மரியாதையாகத்தான் பேச்சுக் கொடுத்தார்.

“கோட்டை பாக்க வந்தீங்களாம்மா? இங்க எந்தத் தெருவுக்குப் போவணும்?”

“சேரிக்கு. எங்கம்மா பொறந்த எடம்.”

பாதி வழியில் மாட்டை நிறுத்திவிட்டார். “மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எறங்கு.”

எட்டணாவை மட்டும் முழுதாக வாங்கிக்கொண்டார், அதற்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது! டர்பனில் பெஞ்சின் மேல் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். படித்துவிட்டு, மனதுக்குள் திட்டிக்கொண்டு நிற்போம். இங்கே எழுதக்கூட இல்லை. நாசமாய்ப் போக என்று சொல்லிக்கொண்டே மீதி வழியை வெயிலில் நடந்தேன்.

பத்தரை மணிக்குச் சேரி. விசாரித்ததில், மாமா இறந்து நாலு வருடம் என்றார்கள். இருந்தாலும் அவர் மகள் கன்னியம்மாவின் வீட்டுக்குப் போனேன். முப்பது வயதிருக்கும், வாசல் மெழுகிக்கொண்டிருந்தாள்.

“உங்க நைனாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்களே…” என்று தொடங்கினேன்.

“தோ, இருக்காங்களே” என்று உள்ளே கை காட்டினாள்.

மூலையில் மஞ்சள் பூசிய பானை. அதற்குப் புதுச் சேலை உடுத்திப் பூ சாத்தியிருந்தது. சின்ன வயதில் செத்துப்போன தங்கள் வீட்டுப் பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அந்தப் பானை என் அம்மா! தை பிறந்தால் அவளுக்கு ஒரு புதுச் சேலை. நேட்டாலில் சர்க்கரைச் சாக்கைக் கிழித்து உடுத்திக்கொண்டிருந்தவளுக்கு. எனக்கு அழுகை பீறிட்டது.

“நைனா கடைசி வரைக்கும் அந்தக் கெணத்துலதான் ஏத்தம் எறச்சாரு. ஒரு வாய் அதுல குடிச்சதில்ல. அக்கா கெடக்குறா அதுலன்னுவாரு. நாங்களும் குடிக்கிறதில்ல” என்றாள்.

சொல்லிவிட்டேன். சேலை போட்டதை, கப்பலை, நான் யார் என்பதை, எல்லாவற்றையும். கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு வருசம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா, அண்ணி?”

போர், கப்பல் கிடைக்கவில்லை என்றேன். அதெல்லாம் ஒரு பதிலா?

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “தெருவுல யாருக்கும் சொல்லாத அண்ணி. நானு இன்னும் பெரிய வூட்டுக்குப் படியாளுதான். எம் பொண்ணு அங்க மாட்டுக்கொட்டா பெருக்குது. எங்க வூட்டுல அவங்களுக்குக் கைகட்டாத பொம்பள அத்தை ஒருத்திதான். அங்கயாவது நல்லா இருந்தாங்களா? யாருகிட்டயும் அடி கிடி வாங்கலியே?”

அம்மாவின் முதுகைக் கடைசி நாட்களில் நான்தான் தேய்த்துக் குளிப்பாட்டினேன். இரண்டு தழும்பு இருந்தது. ஒன்று பெரிய வீட்டில் வாங்கியது, ஒன்று தோட்டத்து வெள்ளைக்காரனிடம் வாங்கியது. எது எது என்று அம்மா சொன்னால்தான் தெரியும்.

“இல்ல கன்னியம்மா. ராணி மாதிரி இருந்தாங்க” என்றேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். பாதை வரைக்கும் கன்னியம்மா கூட வந்தாள். வழியில்தான் அந்தக் கிணறு. ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தார்கள், வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பிறகு கன்னியம்மாவும் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்ல தண்ணிதான் இருந்திருக்குது, அண்ணி” என்றாள். “நைனா குடிச்சிருக்கலாம்.”