பாதி நிலாவில் ஒரு கல்யாணம்

அந்தத் தெருவில் "அட்டவணைக்காரர்" என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். கடலுக்கடியில் நீரோட்டத்தில் சுழன்று மின்சாரம் தரும் டர்பைன்களுக்கு அவர்தான் முக்குளிக்கும் மெக்கானிக். இறக்கைகளில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவார், தளர்ந்த போல்ட்டை முடுக்குவார். வீட்டுக்கு வரும்போது தெருவிளக்கை, தானே ஊதிப் பற்றவைத்ததுபோல், ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார்.

ஓட்டம் தணிகிற கொஞ்ச நேரத்தில்தான் கீழே இறங்க முடியும். பாதி நிலா நாட்களில் கடல் சாது, வேலை குவியும். பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஓட்டம் ஆளையே அடித்துக்கொண்டு போகும், அன்றைக்கு விடுமுறை. அதனால் அந்த வீட்டில் பிறந்தநாள், பல் பிடுங்குவது, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாமே பௌர்ணமிக்கோ அமாவாசைக்கோ தள்ளிப்போகும். மகள் பிறந்ததும் பாதி நிலாவில்தான். வேலைப் படகிலேயே தங்கியிருந்த மனிதர், முழு நிலா வந்த பிறகுதான் பிள்ளை முகத்தைப் பார்த்தார். மனைவி அதை மறக்கவுமில்லை, அவரை மறக்க விடவுமில்லை.

அந்த மகள் இப்போது கல்யாணத் தேதியோடு வந்து நின்றாள். ஓட்டம் எப்போது தணியும் என்று சொல்லும் நீரோட்ட அட்டவணை எப்போதும் இவர் சட்டைப் பையில் இருக்கும்; அதை எடுத்துப் பார்த்தார். முகம் தொங்கிப்போனது.

"என்னம்மா, பாதி நிலாவாப் போச்சே! ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாமா?"

"முடியாதுப்பா. வேணும்னேதான் இந்தத் தேதி. கடலா, நானான்னு ஒரு தடவை பாத்துடலாம்."

"அந்த மூணாவது டர்பைன்ல பேரிங் கொஞ்சம்..."

"அதுக்கும் ஒரு மாப்பிள்ளை பாருங்க!" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

மறுநாள் இவர் வேலையிடத்து மேற்பார்வையாளரம்மாவிடம் போய்த் தலையைச் சொறிந்தார். பாதி நிலாவில் அவர் லீவு கேட்டதே கிடையாது. அந்த அம்மா பதறிப்போய், "உடம்புக்கு என்னங்க?" என்றுதான் முதலில் கேட்டார். லீவு கிடைத்தது. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. கல்யாணத்தன்று காலை, கிளம்பும் முன், மகளே அவர் சட்டைப் பையைத் துழாவிப் பார்த்தாள். கைக்குட்டை மட்டும் இருந்தது.

மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கால்தான் ஒரு நிலையில் இல்லை. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மகள் திரும்பி இவரைத் தேடினாள். இவர் இருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதை விட்டுவிட்டு எந்தச் சிப்பியைச் சுரண்டப் பார்த்தோம் என்று தன்மேலேயே கோபமும் வந்தது.

பக்கத்திலிருந்த மனைவி மெல்லச் சாய்ந்தாள். "இப்போ ஓட்டம் தணிஞ்சிருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்? நான்தான் அட்டவணையே எடுத்துட்டு வரலையே!"

"தினமும் உங்க சட்டையைத் தேய்ச்சு மாட்டுறது யாரு? நீங்க எப்போ மேல வருவீங்கன்னு அதுல பாத்துப்பேன். அந்த நேரம் தாண்டாம ஒரு நாளும் நான் சாப்பிட உக்காந்ததில்லை. இன்னிக்கும், நீங்க அதை எடுத்து வெளிய வெக்கிறதுக்கு முன்னாடியே, பழக்கதோஷத்துல பாத்துட்டேன்."

அட்டவணைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷமும் மேலே வந்து வீடு சேர்ந்ததும் முதலில் சாப்பாட்டைத்தான் தேடியிருக்கிறார்; அவள் சாப்பிட்டாளா என்று கேட்டதில்லை.

"எழுந்திரு," என்றார். "இன்னிக்கு நீ முதல்ல சாப்பிடு."