கெட்டுப்போன முதல் டேக்

பெயர் ஃப்ளோரா. பிறந்த நாள் 1963 ஜூன் 11. ஊர் எண்ணூர் முகத்துவாரக்குப்பம். தந்தை சவரிமுத்து, உப்பங்கழியில் படகு ஓட்டியவர். 1938இல் பிறந்தார் என்று ஞானஸ்நானப் பதிவேடு சொல்கிறது. தாய் 1970இல் காலமானார். உடன்பிறந்தோர் இல்லை. 1986இல் ஃப்ளோராவுக்கும் துறைமுகத்தில் சுமை இறக்கும் பிரிவில் வேலை பார்த்த ஜெயவேலுக்கும் திருமணம் நடந்தது. அன்றிலிருந்து குடியிருப்பு ராயபுரம். 1991 முதல் காசிமேட்டில் ஓர் ஐஸ் கம்பெனியில் படகுகளுக்கு ஐஸ் சீட்டு எழுதும் வேலை.

1982 மார்ச் 13, சனிக்கிழமை, ‘உப்பு மாளிகை’ என்னும் பேய்ப்படத்தின் ஒரு காட்சி எண்ணூர்க் கழியில் எடுக்கப்பட்டது. படம் மறு ஆண்டு வெளியாகி ஒன்பது நாள் ஓடியது. 1984 நவம்பரில், புயல் வந்த வாரத்தில், வலை எடுக்கக் கடலுக்குப் போன சவரிமுத்து திரும்பவில்லை. உடல் கிடைக்கவில்லை. அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. புகைப்படம் எடுத்துக்கொண்டால் ஆயுள் குறையும் என்று சவரிமுத்து உறுதியாக நம்பினார். திருவிழாவில் யாராவது கேமராவைத் தூக்கினால் எழுந்து போய்விடுவார். “என் நெயலு தண்ணியில வுயுதே, அது போதும் எனக்கு” என்று நீரில் விழும் தன் நிழலைக் காட்டி வழக்கமாகச் சொல்வார். கடலில் போனவருக்குக் கல்லறையும் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று மற்றவர்கள் தத்தம் கல்லறைகளைக் கழுவிப் பூப்போடும்போது, ஃப்ளோரா காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலுள்ள பொதுச் சிலுவையடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. தந்தையின் முகத்தில் மூக்கும் மீசையும் நினைவிருந்தன. மற்றவை கலங்கத் தொடங்கியிருந்தன. கண்கள் எப்படியிருந்தன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி அந்தப் படப்பிடிப்பு. உப்பு வியாபாரியின் மனைவி பேயாகிக் கழிக்குள் நடந்து இறங்கி, தலைமுடி மட்டும் மிதக்க மறையவேண்டும் என்பது காட்சி. கதாநாயகிக்கு நீச்சல் தெரியாது. முதுகுதானே தெரியப்போகிறது என்று, பதினெட்டு வயது ஃப்ளோராவுக்கு வெள்ளைச் சேலை கட்டி இறக்கினார்கள். அவருக்கு அது பழகிய நீர். பத்து வயதிலிருந்து தந்தையோடு போய் மூழ்கி மட்டிச் சிப்பி எடுத்தவர்.

மட்டி எடுப்பதில் ஒரு முறை உண்டு. ஒருவர் மூழ்குவார், மற்றவர் படகிலிருந்து எண்ணுவார். நாற்பது ஆனதும் படகின் விளிம்பில் ஊன்றுகோலால் மூன்று முறை தட்டுவார். நீருக்குள் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்கும். கேட்டவர் கையில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு மேலே வரவேண்டும். இதற்கு மறுபேச்சுக் கிடையாது. எட்டு ஆண்டுகளில் ஒருநாளும் ஃப்ளோரா அந்தத் தட்டுக்கு வராமல் இருந்ததில்லை.

அன்று வரவில்லை. நீர்க்குமிழி அடங்கும்வரை எழக்கூடாது, விசில் ஊதிய பிறகே வரவேண்டும் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அதைச் சவரிமுத்துவிடம் யாரும் சொல்லவில்லை. கேமராவில் படாத தூரத்தில் படகோடு நிற்கவேண்டும் என்பது மட்டுமே அவருக்குத் தரப்பட்ட உத்தரவு. அவர் தம் வழக்கப்படி எண்ணினார், தட்டினார். மகள் எழவில்லை. கேமராவைக் கண்டால் எழுந்து ஓடுகிற அந்த மனிதர் படகை நேராக அதன் முன்னால் செலுத்தி, மகளை முடியைப் பிடித்துத் தூக்கினார். டேக் கெட்டது.

“ஒரு நிமிஷம் பொறுக்க முடியலையாய்யா உனக்கு?” என்று இயக்குநர் கத்தினார்.

“நூறு எண்ணேன் சாரு! தட்டிட்டு நூறு எண்ணிகினு அப்பாலதான் வந்தேன்!” என்றார் சவரிமுத்து. பிறகு மகளின் பக்கம் திரும்பி, “தட்னா வரணும் பாப்பா. எவன் இன்னா சொன்னாலும் தட்னா வரணும்” என்றார்.

இரண்டாவது டேக்கில் அவர் தட்டினார், ஃப்ளோரா எழுந்தார். அந்தத் தட்டும் எழுச்சியும் இயக்குநருக்குப் பிடித்துப்போயின. ஆகவே, படம் முழுவதும் மரத்தில் மூன்று தட்டுக் கேட்டால் பேய் வரும் என்று கதையையே மாற்றினார். திரையரங்கில் தோற்ற படம் வீடியோ கேசட்டில் பிழைத்தது. தொண்ணூறுகளில் வடசென்னையின் வாடகைக் கடைகளில் அது அலமாரியில் தங்கியதே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் மேசையில் மூன்று தட்டுத் தட்டி ஒருவரையொருவர் பயமுறுத்தினார்கள். அது யாருடைய தட்டு என்று அவர்களுக்குத் தெரியாது.

“நூறு எண்ணேன்” என்ற சொல்லைச் சவரிமுத்து மிச்சமிருந்த இரண்டரை ஆண்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஷூட்டிங்கைக் கெடுத்தவர் என்று குப்பத்தில் கேலி செய்தவர்களிடமெல்லாம் சொன்னார். நீருக்குள் இருந்த மகளுக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை, நம்பினார்.

2006 ஆகஸ்ட் 20 அன்று கல்மண்டபத்தில் வீடியோ கடை வைத்திருந்த அத்தாவுல்லா ஒரு செய்தித்தாளோடு ஐஸ் கம்பெனிக்கு வந்தார். அவர் அந்தப் படத்தைப் பதினைந்து ஆண்டுகளாக வாடகைக்கு விட்டவர். அதன் பேய் தன் வாடிக்கையாளர்தான் என்பதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்பவர்.

“தங்கச்சி, இத்தப் படி. உன் படம் சிறப்புப் பதிப்பா வர்துதாம். இதுவரிக்கும் காட்டாத இருபத்திமூணு நிமிசம் சேத்து வுடறாங்களாம். வீணாப்போன டேக்கெல்லாம் கீதாம்.”

ஃப்ளோரா எழுதிக்கொண்டிருந்த சீட்டை முடித்து, கிழித்துக் கொடுத்துவிட்டு, செய்தித்தாளை வாங்கினார். இரண்டு முறை படித்தார்.

“பாய், முதோ டேக்கு கீதான்னு கேட்டுச் சொல்லு. அதுலதான் நைனா வந்தாரு.”

அத்தாவுல்லா வெளியீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ‘கழிக் காட்சி, டேக் ஒன்று’ என்று பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தது. நீளம் தெரியாது. இயக்குநர் ‘கட்’ சொன்ன இடத்தில் கேமரா நின்றிருந்தால் படகின் மூக்கைத் தவிர எதுவும் இருக்காது என்றும் நிறுவனத்தில் பேசியவர் சொன்னாராம். இந்தப் பிற்பகுதியை அத்தாவுல்லா ஒரு வாரம் மறைத்துவைத்துப் பிறகு சொன்னார்.

வெளியீடு டிசம்பர் 15 என்றார்கள். வீட்டில் நாட்காட்டியின் அந்தத் தாளில் ஃப்ளோரா பென்சிலால் ஒரு சிறு சிலுவை போட்டுவைத்தார்.

“ஊர்ல எல்லாரும் பேயப் பாக்கக் காத்துனு கீறாங்க” என்றார் ஜெயவேல். “நான் இருவது வர்சமா அத்தோட குடும்பமே நட்த்தினு கீறேன். என்னாண்ட ஒரு பேப்பர்காரன் வந்தானா?”

“மூணு வாட்டி தட்டிப் பாரு. எந்திரிச்சு வந்து காட்றேன்.”

“வேணாம்மா. சும்மா கீறப்பவே பேஜாரு.”

ஜெயவேல் சிரித்தார். பிறகு, “மாமனாரு மூஞ்சி தெரியலன்னா மனசு ஒடிஞ்சிறாத, இன்னா?” என்றார். ஜெயவேல் சவரிமுத்துவைப் பார்த்ததில்லை.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி பொதுச் சிலுவையடியில் ஃப்ளோரா வழக்கத்தைவிட நெடுநேரம் நின்றார். டிசம்பர் 15 வந்தது, படம் வரவில்லை. பிப்ரவரி 9க்குத் தள்ளிவைத்திருந்தார்கள். ஃப்ளோரா புதிய நாட்காட்டியில் புதிய சிலுவை போட்டார்.

2007 பிப்ரவரி 9, வெள்ளி. ஜும்மா தொழுகை முடிந்து வந்து அத்தாவுல்லா பார்சலைப் பிரித்தார். முதல் பிரதி ஃப்ளோராவுக்கு. மதிய உணவு இடைவேளையில் வீட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு குறுந்தகடுகளையும் கடைசிவரை வேகமாக ஓட்டிப் பார்த்தார். படம் பளிச்சென்று இருந்தது. படத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. உறையின் பின்புறம் அடியில் சிறிய எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கண்டார்: காட்டப்படாத காட்சிகள் டிவிடி பதிப்பில் மட்டும்.

கடையில் அதைக் காட்டியபோது அத்தாவுல்லா தலையில் கை வைத்துக்கொண்டார். கல்மண்டபம் சுற்றுவட்டாரத்தில் எல்லோர் வீட்டிலும் இருந்தது விசிடி பிளேயர்தான். எந்தப் படம் வந்தாலும் பழக்கப்படி விசிடி என்று எழுதி அனுப்புகிற கை, இதற்கும் அப்படியே எழுதியிருந்தது.

“ஆறு மாசமா உன்கூட சேந்து நானும் நாள் எண்ணிகினு கீறேன். கட்சீல என் கையே கெடுத்துச்சே, தங்கச்சி.”

“வுடு பாய். எங்க நைனாவும் டேக்கக் கெடுத்தவருதான்” என்று ஃப்ளோரா சொன்னார். சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். அன்று பிற்பகல் அவர் எழுதிய சீட்டுகளில் மூன்றில் படகின் எண் தவறாக இருந்தது. பதினாறு ஆண்டு வேலையில் அதற்குமுன் அப்படி நடந்ததாகக் கம்பெனியில் யாருக்கும் நினைவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. வீடியோ கடைக்கு வாரத்திலேயே கூட்டமான நாள். அத்தாவுல்லா ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, முதலில் தியாகராய நகருக்குப் போய் டிவிடி பதிப்பை வாங்கினார். பிறகு இரண்டு பேருந்து மாறி மணலி புதுநகரில் மருமகன் வீட்டுக்குப் போய் டிவிடி பிளேயரைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

ஞாயிறு பூசை முடிந்து ஃப்ளோராவும் ஜெயவேலும் கடைக்கு வந்தார்கள். பாதி இறக்கிய ஷட்டருக்கு உள்ளே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஃப்ளோரா கைப்பையிலிருந்து ஒரு சீட்டுக் கட்டையும் பேனாவையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“படம் பாக்க வந்தியா, ஐஸ் போட வந்தியா?” என்றார் ஜெயவேல். ஃப்ளோரா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கிளாப் பலகை தெரிந்தது. பிறகு கழி, எதிர்க்கரையில் புகைபோக்கிகள். வெள்ளைச் சேலையில் ஒரு முதுகு நீருக்குள் இறங்கியது. முடி விரிந்து மிதந்து, அதுவும் உள்ளே போனது. டப்பிங்குக்குத் துணையாகப் படப்பிடிப்பில் பதிந்த ஒலியும் அப்படியே இருந்தது: காற்று, கேமராவின் இரைச்சல், யாரோ இருமுவது. நீர் அடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, மூன்று தட்டு.

ஃப்ளோரா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை.

இடப்பக்கத்திலிருந்து படகின் மூக்கு நுழைந்தது. இயக்குநரின் குரல் ‘கட்’ என்றது. கேமரா நிற்கவில்லை, ஒளிப்பதிவாளரும் பயந்து உறைந்திருக்கவேண்டும். மெலிந்த ஒரு மனிதர் முதுகைக் காட்டியபடி கோலை ஊன்றி வந்தார். முதுகு மட்டும். குனிந்தார்; முடியைப் பிடித்து இழுத்தார்; இருமுகிற பெண்ணைப் படகுக்குள் போட்டார். அப்போதும் முதுகுதான். “திரும்பு நைனா” என்றார் ஃப்ளோரா, மெதுவாக.

சவரிமுத்து திரும்பினார். கேமராவுக்கு நேராக.

“நிறுத்துங்கடா, கஸ்மாலங்களா! எம் பொண்ணு உள்ள இருந்தாடா!”

அத்தாவுல்லா நிறுத்தினார். கேசட்டில் நிறுத்தினால் கோடு கோடாக ஓடும். இதில் முகம் அசையாமல் நின்றது. மூக்கு, மீசை, ஈரம் வழிகிற நெற்றி. கண்கள் சற்றே இடுங்கியவை. இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு சிறு தழும்பு. அந்தத் தழும்பை ஃப்ளோரா முழுவதும் மறந்திருந்தார்.

ஜெயவேல் எழுந்து நின்று கைகூப்பினார். “வணக்கம் மாமா. நாந்தான் ஜெயவேலு. உங்க பொண்ண ஒயுங்கா வச்சினு கீறேன்.” பிறகு மனைவியிடம், “உன் வயசுதாம்மே கீது அவுருக்கு” என்றார். கணக்குச் சரிதான். படத்தில் அவருக்கு நாற்பத்து நான்கு நடந்துகொண்டிருந்தது. ஃப்ளோராவுக்கு அன்று நாற்பத்து மூன்று.

அத்தாவுல்லா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த ஒரு காட்சியைப் படமாக எடுத்துச் சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னார். அது அந்த மாதமே நடந்தது. அந்தப் படம் இப்போது ராயபுரம் வீட்டில் அலமாரிக்கு மேலே இருக்கிறது.

ஆனால் ஃப்ளோரா அப்போது கேட்டது வேறொன்று.

“பாய், கொஞ்சம் பின்னால இட்டுகினு போ. தட்ற எடத்துக்கு.”

“இன்னும் இன்னா பாக்கப்போற, தங்கச்சி?”

“நூறு எண்ணாராம். எங்க நைனா எத்தினி எண்ணாருன்னு பாக்கணும்.”

மூன்று முறை ஓட்டினார்கள். பிளேயரின் முகப்பில் ஓடிய எண்களைப் பார்த்து, மூன்று முறையும் ஃப்ளோரா ஐஸ் சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார். மூன்றும் ஒத்துப்போயின. மூன்றாவது தட்டுக்கும் படகின் மூக்கு உள்ளே வந்ததற்கும் இடைப்பட்ட நேரம்: நான்கு வினாடி.