பஸ்ஸில் பார்த்ததைச் சொன்ன பிறகு

அன்று மினி பஸ்ஸில் உட்கார இடமில்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் எங்கள் ஊர்க்காரர், எல்லாருக்கும் வேண்டியவர். நீடாமங்கலம் தாண்டியதிலிருந்து செல்போனைக் காதில் வைத்துச் சிரித்துப் பேசிக்கொண்டே ஓட்டினார். நாற்றுக்கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்றை வாய்க்கால் பாலத்தருகே முந்தினார். எதிரே நடவு முடிந்து ஓரமாக நடந்து வந்த ஓர் அம்மாவை பஸ் இடித்துத் தள்ளியது. உயிர் பிழைத்தார். கால் முறிந்துவிட்டது.

போலீஸ் விசாரித்தபோது, "அந்தம்மாதான் குறுக்கே வந்துச்சு" என்றார்கள் எல்லாரும். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"பாத்தேங்க. போன் பேசிக்கிட்டே ஓட்டினாருங்க. அந்தம்மா ஓரமாத்தான் வந்தாங்க."

பஸ்ஸில் வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் கை காட்டினால் அந்த பஸ் நிற்காமல் போகும். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்துகொண்டிருந்த பெண்கள் வரவில்லை. தையல் மெஷின் மேல் துணி போர்த்திவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கத்தாரிலிருந்து கணவர் பேசினால், "ஊரோடு ஒத்துப்போக மாட்டியா?" என்பார். நோன்புக் கஞ்சி காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு தூக்கு கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் தூக்கு அப்படியே திரும்பி வந்தது.

ஒரு மத்தியானம் டிரைவரின் மனைவி வந்தாள்.

"அக்கா, போனைச் சரியா பாக்கலைன்னு மட்டும் சொல்லிடுங்க. அவர் லைசென்ஸ் போனா நாங்க என்ன பண்ணுவோம்?"

டீ போட்டுக் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

"பாத்ததை எப்படிம்மா பாக்கலைன்னு சொல்லுவேன்? நாளைக்கு இன்னொருத்தர் மேல ஏத்தினா?"

அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள். ஆறிப்போன டீயை நானே குடித்தேன். எனக்கும் அழுகை வந்தது.

மன்னார்குடி கோர்ட்டுக்குத் தனியாகத்தான் போனேன். "உங்களுக்கு அவர் மேல பகையா?" என்று கேட்டார் டிரைவரின் வக்கீல்.

"இல்லைங்க. அவர் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்தவ நான்."

தீர்ப்பு நாளன்றும் போனேன். டிரைவர் மேல் குற்றம் உறுதியானது. தண்டனை கொடுத்தார்கள், லைசென்ஸையும் நிறுத்தி வைத்தார்கள். கால் முறிந்த அம்மாவை அந்தம்மாவின் சொந்தக்காரர்கள் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிப் போனார்கள். டிரைவரின் மனைவி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் போலிருந்தது. கால் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, ஊர்ப்பக்கம் போகும் அரசு பஸ்ஸில் ஏறினேன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கூடையை மடியில் எடுத்துக்கொண்டு எனக்கு இடம்விட்டாள்.

"எங்கே போயிட்டு வர்றீங்க?" என்று கேட்டாள்.

ஊர் நிறுத்தம் வரும்வரை அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.